இயந்திரக் கொத்தனார் வருகிறாரா?



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்த இரண்டில் ஒன்றை இனி இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். கைத்தொலைபேசியில் ஒரு படம் வீடு வீடாகச் சுற்றுகிறது. நீண்ட இரும்புக் கை ஒன்று கல்லை எடுக்கிறது, கலவையைத் தடவுகிறது, வரிசை பிசகாமல் அடுக்குகிறது. பக்கத்தில் ஆள் அரவமே இல்லை. இதைப் பார்த்துக் கலங்கும் தாய்மார்கள் நம்மிடையே நிறைய உண்டு. "தோட்டத்தை விற்றார்கள், பட்டணத்துக்கு வந்தோம். பால்வெட்டுப் போனது, மகனுக்குக் கம்பி கட்டுகிற வேலை கிடைத்தது. அதையும் இயந்திரம் பிடுங்கிக்கொண்டால் அவன் எங்கே போவான்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பயந்து பேசுவதைவிட விவரம் தெரிந்து பேசுவோமே!

கட்டட வேலை நமக்கு நேற்று வந்த வேலையன்று. 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோல செப்பெத்தாங்கிற்கு, இந்நாட்டின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வந்தது. பத்து காஜா பக்கம் போனவர்கள் கெல்லிஸ் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர்த் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி சுமித் 1915இல் அந்த மாளிகை வேலையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து கைதேர்ந்த தொழிலாளர்கள் கப்பலேறி வந்தார்கள். 1918இல் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் அவர்களில் பலரை வாரிக்கொண்டு போயிற்று. தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டபடி துரை கட்டிக் கொடுத்த மாரியம்மன் கோயில் இன்றும் அருகில் இருக்கிறது. மேலே உள்ள சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்டு நிற்பவர் அந்தத் துரைதான் என்பார்கள். 1926இல் லிஸ்பன் நகரில் துரை காலமானார். மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. மலாயாவின் முதல் மின்தூக்கியை அங்கே பொருத்த எண்ணியிருந்தாராம். இயந்திரத்துக்கென்று விட்ட அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. நம்மவர் கைபட்ட சுவர் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது.

சரி, இயந்திர மனிதனுக்கு வருவோம். நம் பேராவிலேயே, தஞ்சோங் மாலிமில் உள்ள புரோட்டோன் கார்த் தொழிற்சாலையில், இரும்புத் தகட்டைப் பற்றவைக்கும் வேலையை இயந்திரக் கைகள் செய்கின்றன. அங்கே கார் நகர்ந்து வந்து இயந்திரத்தின் முன்னால் நிற்கும். எல்லாம் ஒரே அச்சு. தரை சமம், தலைக்கு மேலே கூரை. வீடு கட்டும் இடத்தில் அப்படியா? வீடு நகராது, இயந்திரம்தான் வீட்டைத் தேடிப் போக வேண்டும். மழையில் குழைந்த சேறு, குறுக்கே கிடக்கும் பலகை, நேற்றுவரை இல்லாத பள்ளம். ஈப்போ மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கான்கிரீட் ஊற்ற வேண்டும். மனிதன் இதையெல்லாம் கண்ணால் பார்த்து, காலால் தடவிச் சமாளித்துக்கொள்வான். இயந்திரத்துக்கு எளிதில் வராத வித்தை அதுதான்.

ஜப்பானியர் இதில் முந்திக்கொண்டார்கள். அங்கே இளைஞர்கள் கட்டட வேலைக்கு வரத் தயங்கிய காலம். 1983இல் ஷிமிசு நிறுவனம், இரும்பு உத்தரங்களின்மேல் தீத்தடுப்புப் பூச்சைத் தெளிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஜப்பானில் கட்டடத் தொழிலாளி இன்னும் இருக்கிறார். அமெரிக்காவில் 2015 வாக்கில் 'சாம்' என்னும் செங்கல் அடுக்கும் இயந்திரம் வந்தது. அதற்குக் கல்லும் கலவையும் ஊட்ட ஓர் ஆள் வேண்டும். பிதுங்கிய கலவையை வழித்துவிடக் கொத்தனார் பின்னாலேயே போக வேண்டும். பாலத் தளங்களில் கம்பிகளை முடிச்சுப் போட 'டைபாட்' என்று ஒன்று வந்தது. முடிச்சைத்தான் அது போடும். கம்பியைச் சுமந்து வந்து பரப்புவதற்கு ஆட்கள் வேண்டும்.

2020இல் ஹில்டி நிறுவனம் வெளியிட்ட 'ஜெய்பாட்' கூரையில் துளை போடும். நாள் முழுக்கத் தலைக்கு மேலே துளைக்கருவியைத் தூக்கிப் பிடித்து, கண்ணிலும் மூக்கிலும் சிமெண்டுத் தூசி விழ நின்றவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இரவில் அவர்கள் தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துவிட்டவர்களுக்குத் தெரியும் அந்த வேலையின் அருமை. அதை இயந்திரம் எடுத்துக்கொண்டால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தமிழ்நாட்டிலும் ஒரு புதுமை நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள் தொடங்கிய 'த்வஸ்தா' நிறுவனம், குழாய் வழியே கலவையைப் பிதுக்கி, வரிமேல் வரியாகச் சுவர் எழுப்பும் முறையில் ஒரு வீட்டை அந்த வளாகத்திலேயே கட்டியது. முறுக்குப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குழலை நகர்த்துவது கணினி. 600 சதுர அடி கொண்ட அந்த வீடு 2021 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் பெங்களூரில் இதே முறையில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் கட்டிய அஞ்சலகம் திறக்கப்பட்டது. 1,021 சதுர அடி, 43 நாள். வழக்கமான முறையில் ஆறு முதல் எட்டு மாதம் பிடித்திருக்கும் என்றார்கள். வேகம் வியக்கத்தக்கதுதான். ஆனாலும் கதவு, சன்னல், மின்கம்பி, தண்ணீர்க் குழாய் இவற்றை மனிதக் கைதான் பொருத்தியாக வேண்டும்.

அப்படியானால் கவலையே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். கைத்தொலைபேசியில் காட்டும் இரும்புக் கையைப் பார்த்துப் பயப்படுகிற நாம், சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கும் வேறொன்றைக் கவனிக்கவில்லை. அது கட்டுமிடத்துக்கு வரவே இல்லை. கட்டுமிடத்து வேலையைத் தன் இருப்பிடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. சுவரையே தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தும் முறையைச் சொல்கிறேன். இந்நாட்டில் இதை ஐ.பி.எஸ். என்று அழைக்கிறார்கள்.

பால் ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கிவிடலாம். வாளி வாளியாக வந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்து, தகடுகளைச் செருகி உறைய வைப்பீர்கள் அல்லவா? உறைந்த பின் உருளையில் கொடுத்துப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவீர்கள். சுவர் ஆலையிலும் ஏறக்குறைய இதே கதைதான். அகலமான இரும்பு மேசை ஒன்று தண்டவாளத்தின்மேல் நகர்ந்து வரும். கணினியில் உள்ள வரைபடத்தைப் பார்த்து இயந்திரக் கை ஒன்று ஓரச் சட்டங்களைக் காந்தத்தால் பொருத்தும். சன்னலுக்கும் கதவுக்கும் இடம் விடும். இன்னோர் இயந்திரம் கம்பியை நிமிர்த்தி, வெட்டி, வலையாகப் பற்றவைக்கும். மின்கம்பிக் குழாயும் சுவிட்சுப் பெட்டியும் இப்போதே உள்ளே வைக்கப்படும். மேலிருந்து கான்கிரீட் கொட்டும், மேசை அதிரும், காற்றுக் குமிழ் வெளியேறும். பிறகு வெதுவெதுப்பான அறைக்குள் தள்ளிவிடுவார்கள். நன்றாக இறுகியதும் தூக்கி நிறுத்தினால், முழுச் சுவர்! சிலாங்கூரில் கமுடா நிறுவனம் இயந்திரக் கைகளைக் கொண்டு இப்படிச் சுவர் வார்க்கும் ஆலையை அமைத்திருக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் அங்கே வேலை நிற்பதில்லை.

கட்டுமிடத்தில் இதனால் குறையும் வேலைகள் எவை என்று பாருங்கள். பலகை அடைப்பது, கம்பி வளைத்துக் கட்டுவது, செங்கல் சுமப்பது, கலவை குழைப்பது, சுவர் பூசுவது. நம் பையன்கள் முதலில் போய்ச் சேருகிற வேலைகள் எல்லாம் இவைதாம். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

இது புதிதாக முளைத்ததும் அன்று. கோலாலம்பூர் ஜாலான் பெக்கெலிலிங்கில் டென்மார்க் நாட்டு முறைப்படி, வார்த்த சுவர்ப் பலகைகளைக் கொண்டு 17 மாடி அடுக்குகளைக் கட்டும் வேலை 1964இல் தொடங்கியது. அடுத்து பினாங்கு ரைபிள் ரேஞ்சு அடுக்குமாடி வீடுகள். பெக்கெலிலிங் வீடுகளை இடித்துவிட்டார்கள். ரைபிள் ரேஞ்சில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்த முறை ஏன் நாடெங்கும் பரவவில்லை? காரணம் பல சொல்வார்கள். என் கணக்கில் முதற்காரணம் மலிவான கூலி. நூறு அன்னியத் தொழிலாளர்களைக் கொந்தரேக் பேசி இறக்கிவிடலாம் என்றிருக்கும்போது, கோடிக்கணக்கில் செலவழித்து ஆலை போட எந்த முதலாளிக்கு மனம் வரும்? அந்த மலிவுக் கூலிதான் இயந்திரத்தையும் தடுத்து நிறுத்தியது. நம் பிள்ளைகளின் சம்பளத்தையும் ஏறவிடாமல் பிடித்து வைத்தது. ஒரே கை இரண்டு வேலை பார்த்தது.

இப்போது காற்றுத் திசை மாறுகிறது. 2008இல் அரசாங்கம் தன் கட்டடத் திட்டங்களில் ஐ.பி.எஸ். அளவு 70 புள்ளிக்குக் குறையக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020இல் பெருந்தொற்று வந்து, வெளிநாட்டு ஆள் வரவு நின்றபோது, ஆளையே நம்பியிருந்த குத்தகையாளர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமாகிய சி.ஐ.டி.பி., இயந்திரமயமாக்குவதற்கென்றே 2021 முதல் 2025 வரைக்கும் ஒரு திட்டம் தீட்டியது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. தொழிலாளிக்கு அது நல்ல சேதிதான். முதலாளி அதே நாளில் இயந்திர விலையையும் விசாரிக்கத் தொடங்குவார் என்பதையும் மறந்துவிடக்கூடாது. கூலி ஏறினால் இயந்திரம் வரும். அதற்காகக் கூலி ஏற வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

பேராவுக்கு இது இரண்டாம் தடவை. மண்வெட்டியும் கூடையுமாக ஆயிரக்கணக்கானோர் ஈயம் தோண்டிய கிந்தா பள்ளத்தாக்கில், 1913இல் ஈயம் அள்ளும் கப்பல் வந்து இறங்கியது. சங்கிலியில் கோத்த வாளிகள் மண்ணை வாரி மேலே கொண்டுபோகும். கப்பலுக்குள்ளேயே அலசி ஈயத்தைப் பிரித்துவிடும். தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய அப்படியொரு கப்பலை இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1982 வரைக்கும் அது வேலை செய்தது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். மண் சுமக்க மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கப்பலில் இடமில்லை. மோட்டார் பழுது பார்க்கவும், வாளியைப் பற்றவைக்கவும், விசை பிடிக்கவும் தெரிந்தவருக்கு இடம் இருந்தது.

தோட்டத்திலும் இதைக் கண்டோம். 2007இல் செம்பனை வாரியம் வெளியிட்ட சந்தாஸ் என்னும் மோட்டார் அறுவாளைப் பிடித்துக் குலை வெட்டுபவர் அதே தொழிலாளிதான். ஆனால் மோட்டாரை ஓட்டவும் பராமரிக்கவும் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

போகிற போக்கில், வீடு வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய இடங்களில் வீடு வாங்கிக் குடிபோனவர்கள் நம்மில் ஏராளம். சாமி படம் மாட்ட ஆணி அடித்தால் ஆணி வளைகிறதா? அது செங்கல் சுவர் அன்று, கான்கிரீட் சுவர். ஒன்று ஆலையில் வார்த்த பலகை. இல்லையேல் அலுமினிய அச்சு வைத்து அங்கேயே ஊற்றியது. துளை போட்டுத்தான் படம் மாட்ட வேண்டும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள், உள்ளே மின்கம்பி ஓடும்.

இதைவிடப் பெரிய சேதி ஒன்று உண்டு. செங்கல் வீட்டில் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் தூணும் உத்தரமும். இவ்வகை வீட்டில் சுவரே பாரத்தைத் தாங்கும். சமையலறையைப் பெரிதாக்குகிறேன் என்று சுவரை இடித்தீர்களானால் மேல்மாடியே ஆட்டம் காணும். பக்கத்து வீட்டுக்காரரும் உங்களோடு சேர்ந்து அல்லல்படுவார். சாவி வாங்கும்போது கொடுக்கும் கையேட்டைப் பெட்டியில் போட்டுவிடாமல், எந்தச் சுவரில் கை வைக்கக்கூடாது என்று பாருங்கள். நகராண்மைக் கழக அனுமதி இல்லாமல் எந்தச் சுவரையும் தொடவிடாதீர்கள். வீடு புதுப்பிக்கும் வேலை எடுக்கும் நம் சிறு குத்தகையாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வார்த்த பலகைகள் சேரும் இடத்தில் மழைநீர் கசிவது இம்முறையின் பழைய வியாதி. இடைவெளியை அடைத்த பசை காய்ந்து வெடிக்கும்போது நீர் உள்ளே இறங்கும். அதைச் சரியாகப் பார்த்து அடைக்கத் தெரிந்த ஆளுக்கு வேலை குறையப்போவதில்லை.

இனி பிள்ளைகளின் படிப்புக்கு வருவோம். எஸ்.பி.எம். எழுதிவிட்டு, மாமாவோடு சைட்டுக்குப் போகிறேன் என்று நிற்கும் பையனைத் தடுக்கச் சொல்லவில்லை. போகட்டும், என்ன கற்றுக்கொண்டு போகிறான் என்று கேளுங்கள். ஐந்து டன் சுவரைத் தூக்கி நிறுத்தும் பாரந்தூக்கியை ஓட்டுபவர் வேலையிடப் பாதுகாப்பு இலாகாவின் சான்று பெற்றிருக்க வேண்டும். சுவரைக் கயிற்றில் பிணைப்பவரும், கீழே நின்று கைசாடை காட்டுபவரும் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். தவறான ஒரு சாடை போதும், உயிர் போகும். மின்கம்பி இழுப்பவர், குழாய் பொருத்துபவர், பற்றவைப்பவர், ஆலையில் இயந்திரக் கையைப் பழுது பார்ப்பவர் இவர்களுக்கெல்லாம் தேவை உண்டு. கோலாலம்பூரில் புத்ராஜெயா எம்.ஆர்.டி. பாதைக்குச் சுரங்கம் தோண்டிய இயந்திரத்தைத் தானாக வழி பிடித்துச் செல்லும்படி 2019இல் நம் நாட்டுப் பொறியாளர்கள் செய்து காட்டினார்கள். அதையும் கண்காணிக்க மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சுவர் ஆலையில் முதல் வேலை கணினியில் நடக்கிறது. ஒரு வீட்டின் ஒவ்வொரு கம்பியையும் குழாயையும் வரைந்து கொடுத்த பிறகுதான் இயந்திரம் அசையும். வெயிலில் காயாமல், கல் சுமக்காமல், கட்டடத் தொழிலுக்குள் பெண்கள் நுழைய இதைவிட அகலமான கதவு இதுவரை திறந்ததில்லை. ஈப்போவிலேயே 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் பொலிடெக்னிக் இருக்கிறது. கட்டடப் பொறியியல் அங்கே கற்பிக்கிறார்கள். மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் ஐ.எல்.பி. தொழிற்பயிற்சிக் கழகமும் ஈப்போவில் உண்டு. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழுக்குப் படிப்பவர்களுக்குக் கடன் கொடுக்க பி.டி.பி.கே. என்ற நிதிக் கழகமும் இருக்கிறது. மார்க்கு குறைந்த பிள்ளை என்று வீட்டில் உட்கார வைக்காமல், நேரில் போய் விசாரியுங்கள். மனுப்பாரம் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதைத் தேதியோடு எழுதி வாங்கி வாருங்கள்.

ஏற்கெனவே கட்டுமானத்தில் இருப்பவர்களின் வீட்டில் இன்றைக்கே பார்க்க வேண்டிய காரியம் இரண்டு. சி.ஐ.டி.பி. பச்சை அட்டை இருக்கிறதா, அதன் தவணை முடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுமிடத்தில் கால் வைக்கும் ஒவ்வொருவரும் பதிந்துகொள்ள வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அட்டையோடு விபத்துக் காப்பும் சேர்ந்து வருகிறது. அனுபவத்தால் கைதேர்ந்தவர்கள் சோதனைக்கு உட்கார்ந்து தங்கள் திறமையையும் பதிவு செய்துகொள்ளலாம். இருபது வருடம் கம்பி கட்டியவர் காகிதத்தில் வெறும் பொதுத் தொழிலாளியாக நிற்பது எவ்வளவு பெரிய நட்டம்!

இரண்டாவது பெர்கேசோ. மாதச் சம்பளக்காரருக்கு முதலாளி கட்டுகிறார். கொந்தரேக்கில் நாள்கூலிக்கும் சதுர அடிக் கணக்குக்கும் வேலை எடுப்பவருக்கு யார் கட்டுகிறார்கள்? பெரும்பாலும் ஒருவருமில்லை. சொந்தத் தொழில் செய்வோருக்கென்று 2017இல் தனிச் சட்டம் வந்தது; கட்டுமானத் துறையும் அதில் பின்னர் சேர்க்கப்பட்டது. அவரே தம் பெயரில் சந்தா கட்டிக்கொள்ளலாம். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஈப்போ பெர்கேசோ அலுவலகத்துக்குப் போனால் பதிந்து கொடுப்பார்கள். வேலை நாளில் போக முடியாது என்று அவர் சொல்வார். மழைக்கு வேலை நிற்கும் நாளில் அனுப்பி வையுங்கள்.